ஹாஜியார் வளர்த்த கல்

சென்ற மாதம் ஓய்வூதிய அலுவலாக எங்கள் பழைய கந்தோருக்குப் போயிருந்தேன். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் முற்றத்தில் ஒரு முக்காலியை நாட்டி, அதன் உச்சியில் காளான் போன்ற ஒரு வெள்ளைக் கருவியைப் பூட்டிவிட்டு, மரநிழலில் இருந்தபடி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "உயரம் எடுக்கிறம் மிஸ்" என்றார்கள். கருவி தானாகவே வானத்தில் சுற்றும் செய்மதிகளோடு கதைத்து, தான் நிற்கும் நிலம் எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடுமாம். அவர்களில் ஒருத்தி இளநீரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்.

"மிஸ், உங்கட காலத்தில ஒரு ஊரையே கடலுக்குள்ள போட்டுட்டீங்களாமே. மெய்யா?"

"போட்டது நானில்ல. திரும்ப எடுத்த ஆக்களில நானும் ஒருத்தி" என்றேன். அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் வடிகான் வேலைகளைப் பார்க்கும் அந்தக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தவள். பிறந்ததும் இருப்பதும் கல்லடியில். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போகும் என்பதைப் படிப்பிக்க எங்களுக்கு இரண்டு வருடம் எடுத்தார்கள். எங்கள் கரையோரத்தில் எது பள்ளம் என்று கண்டுபிடிப்பதுதான் சிக்கல் என்பது வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கிழக்கே கடல் தன் பாட்டில் மணலை அள்ளி வந்து ஒரு மேடு போடுகிறது. மேற்கே வாவி. ஊரார் அதை ஆறு என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே பாயை விரித்தாற்போல ஒரு துண்டு நிலம். அதில்தான் கல்லடியும் காத்தான்குடியும் அதற்கு அங்கால் உள்ள ஊர்களும் இருக்கின்றன. மாரியில் மேற்கே உன்னிச்சைக் குளத்துப் பக்கத்துத் தண்ணீரெல்லாம் வாவிக்கு வந்து சேரும். வாவி நிரம்பி, கடலுக்குப் போக வழி பார்த்துக்கொண்டு நிற்கும். முன்பு கார்த்திகை, மார்கழி என்று பரந்து பெய்த மழை இப்போது காலையில் தொடங்கிப் பின்னேரத்துக்குள் ஒரு மாதத்துக்கு உரியதைக் கொட்டிவிட்டுப் போகிறது. கடலும் பழைய இடத்தில் இல்லை; கரையில் இருந்த தென்னைகள் சிலவற்றின் வேர் இப்போது அலைக்குள் கிடக்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு வடிகானின் மட்டம் நாலு விரற்கடை பிழைத்தால் போதும், தண்ணீர் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி வரும்.

அதனால்தான் மட்டம் எடுப்பது எங்களுக்கு வழிபாடு போல. ஒருவர் அளவுகோலை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பார். இன்னொருவர் கருவிக்குள் கண்ணை வைத்துக் கோலிலுள்ள இலக்கத்தை வாசிப்பார். பிறகு கோல் முன்னே போகும், கருவி பின்னாலே போகும். தவளை பாய்வது போல இப்படியே ஊர் முழுக்கப் போகலாம். ஆனால் தொடங்குவதற்கு உயரம் தெரிந்த ஓர் இடம் வேண்டும். அதற்காக அந்தக் காலத்தில் அங்கங்கே மட்டக்கல் நட்டு வைத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து அந்தக் கல்லின் தலை எவ்வளவு உயரம் என்று கந்தோரில் ஒரு பதிவு இருக்கும். கல்லின் வேலை ஒன்றே ஒன்றுதான். அசையாமல் இருப்பது.

என் மேலதிகாரி பொறியியலாளர் ஞானமுத்து ஐயா. மெலிந்த மனிதர். யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். கோலில் உரச வந்த ஆட்டைக்கூட "கொஞ்சம் அங்கால நில்லுங்க" என்று கேட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். வெயிலில் கருவி சூடேறினால் வாசிப்பு பிழைக்கும் என்பதற்காக எங்களிடம் ஒரு பெரிய குடை இருந்தது. அதன் நிழல் கருவிக்கு மட்டும்தான். ஒருமுறை புதுக்குடியிருப்புப் பக்கம் மழை பிடித்தபோது, கருவி குடைக்குள்ளே காய்ந்துபோய் நின்றது; ஐயா வெளியே நின்று, சட்டைப்பையிலிருந்து தண்ணீர் வழிய, "அவருக்கு ஈரம் படல்லதானே மிஸ்?" என்று என்னிடம் கேட்டார். அவர் என்றது கருவியை.

அவருடைய இன்னொரு பழக்கம், எந்த மட்டத்தையும் போன வழியிலேயே திரும்ப எடுத்து வருவது. போகும்போது வந்த கணக்கும் வரும்போது வந்த கணக்கும் பொருந்தினால்தான் சாப்பாடு. பொருந்தாவிட்டால் கோபப்படமாட்டார். தொப்பியைக் கழற்றி, அதற்குள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிழை எங்கயோ இருந்து நம்மளப் பாத்துக்கொண்டு இருக்கி" என்பார். பிறகு எல்லோரும் எழும்பி நடக்கத் தொடங்குவோம்.

இனி அந்த ஊர். காத்தான்குடிக்கு அங்கால், வாவிக்கரையை ஒட்டி இருக்கிறது. பெயர் வேண்டாம், அங்குள்ளவர்கள் பட்டது போதும்.

வெள்ளம் வருடா வருடம் மோசமாகிக்கொண்டு வந்ததால், எந்த இடம் எவ்வளவு நீரில் மூழ்கும் என்று காட்டும் வெள்ள வரைபடம் ஒன்று தயாரிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. வேலையை எங்கள் கந்தோருக்குத் தராமல் வெளியிலிருந்து ஒரு குழுவைப் பிடித்தார்கள். அவர்கள் சுறுசுறுப்பான ஆட்கள். ஊருக்குள் இருந்த மட்டக்கல்லிலிருந்து தொடங்கி, ஒரு கிழமை, ஏழே நாளுக்குள் எல்லாவற்றையும் அளந்து, கணினியில் போட்டு, வண்ண வண்ணமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். மேடு பச்சை. தாழ்வு மஞ்சள். வெள்ளம் நிற்கும் இடம் இளநீலம். அந்த ஊரின் வாவிப் பக்கத்துத் தெருக்கள் மட்டும் கடும் நீலம். குறிப்பைப் பார்த்தால், கடும் நீலம் என்றால் கடல் மட்டத்துக்குக் கீழே, நிரந்தரமாக நீரில் மூழ்கிய பகுதி என்று இருந்தது.

அந்தத் தெருக்களில் ஆட்கள் உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள். கடைகள் திறந்திருந்தன. கோழிகள் மண்ணைக் கிளறித் திரிந்தன. ஆனால் வரைபடத்தில் கையொப்பம் விழுந்துவிட்டது. கையொப்பம் விழுந்தபின் கோழிகளின் சாட்சி செல்லாது.

முதலில் அடிபட்டது இஸ்மாயில் ஹாஜியாரின் குடும்பம். தெருமுனையில் பாய், வாளி, கயிறு விற்கும் சின்னக் கடை அவருடையது. கடைசி மகள் பர்வீனுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை கத்தாரில் வேலை செய்பவர்; ஊருக்கு வந்து நிற்க அவருக்குக் கிடைத்த லீவு கொஞ்சம். அந்த ஊர்ப் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். வீடு இல்லாமல் நாள் வைக்கமாட்டார்கள். ஹாஜியார் தன் வீட்டு வளவுக்குள்ளேயே ஒரு துண்டைப் பிரித்து, வீட்டுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். விண்ணப்பம் திரும்பி வந்தது. காணி கடலுக்குள் இருப்பதால் கட்டட அனுமதி தர இயலாதாம். மிதக்கும் அமைப்பாக இருந்தால் கடற்கலங்களுக்குப் பொறுப்பான அலுவலகத்தை நாடலாமாம்.

ஹாஜியார் அந்தக் காகிதத்தோடு எங்கள் கந்தோருக்கு வந்தார். வெள்ளைத் தொப்பி, மடிப்புக் குலையாத சாரன், கையில் ஒரு குடை. சத்தம் போடவில்லை.

"மகள், நீங்க படிச்ச ஆக்கள். ஒண்ட மட்டும் சொல்லுங்க. நான் இஞ்ச நடந்தா வந்த, நீந்தியா வந்த?"

நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா தொப்பியைக் கழற்றினார்.

கல்லடியில் எங்கள் பாடசாலைக்குப் பக்கத்தில் இன்னொரு மட்டக்கல் உண்டு. அதிலிருந்து தொடங்கி, கடற்கரை வீதி வழியே அந்த ஊர் வரைக்கும் மட்டம் எடுத்துக்கொண்டு போனோம். சித்திரை வெயில். அந்த ஊர்க் கல்லின் தலையில் கோலை வைத்து வாசித்துக் கணக்குப் பார்த்தால், கல் பதிவில் உள்ளதைவிட உயரமாக இருந்தது. விரற்கடைக் கணக்கில் அல்ல. முழங்காலுக்கு மேலே வரும். திரும்பி எடுத்துக்கொண்டு கல்லடிக்கு வந்தோம். அதே கணக்கு.

பிழையென்றால் எங்களுக்கு ஒளிக்கத் தெரியாது. ஐயா அதை எழுதி அனுப்பினார். அதன் விளைவாகக் மாவட்டச் செயலகமான கச்சேரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து நிலவியல் நிபுணர் ஒருவர் வந்திருந்தார். எங்கள் கணக்கைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. உலகமெல்லாம் கரையோரம் தாழ்ந்து கொண்டிருக்கும்போது இங்கே மட்டும் நிலம் எழும்புகிறது என்றார். பூமிக்கடியில் ஏதோ நடக்கிறது என்றார். எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பதைப் படம் போட்டுக் காட்டினார். அந்த வேகத்தில் போனால் என் பேரப்பிள்ளைகள் காலத்தில் ஹாஜியாரின் கடை ஒரு மலையில் இருக்கும்.

வரைபடத்துக்குப் பொறுப்பானவர் எழும்பி, அதெப்படி, எங்கள் படத்தில் அது கடலுக்குள் அல்லவா இருக்கிறது என்றார். இரண்டு பேரும் மாறி மாறி எழும்பினார்கள். தேநீர் வந்தது. தலைமை தாங்கியவர் நல்ல மனிதர். யாரையும் நோகடிக்க விரும்பாதவர்.

"ரெண்டும் சரியா இருக்கேலாதா?" என்று கேட்டார்.

கூட்டக் குறிப்பில் கடைசியாக எழுதியது இதுதான்: மேற்படி பிரதேசம் கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தவாறு உயர்ந்துகொண்டிருக்கிறது. அதை வாசித்துக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை, ஐயா பக்கத்தில் இருந்தார். அவர் கையை உயர்த்தி, "அந்தக் கல்ல ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

எல்லோரும் பார்த்த கல்தான் அது. அளக்க வந்த குழுவும் பார்த்தது, நாங்களும் அதன் தலையில் கோலை வைத்தோம். ஆனால் கோலைப் பார்த்தோமே தவிரக் கல்லைப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அதன் முன்னே குந்தியிருந்து பார்த்தோம். ஹாஜியாரின் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில், வீதியோரமாக நின்றது. பால் போல வெள்ளை அடித்திருந்தது. சுற்றிவரக் குளியலறைக்குப் போடும் பூப்போட்ட மாபிள் பதித்திருந்தது. அரசாங்கம் எந்தக் கல்லுக்கும் பூப்போட்ட மாபிள் பதித்ததாக எனக்குத் தெரியாது.

ஹாஜியார் கடையிலிருந்து இறங்கி வந்தார். நாங்கள் கல்லைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவருக்குச் சந்தோஷம்.

"பாருங்க, பாருங்க. எங்கட வாப்பா காலத்தில இருந்து நாங்கதான் பாத்துவாறம். ஒவ்வொரு நோன்புக்கும் சுண்ணாம்பு அடிப்பன்."

"சந்தோஷம் ஹாஜியார்" என்றார் ஐயா. "கல்லு வச்ச இடத்திலதானே இருக்கி?"

"வச்ச இடந்தான். ஒரு விரல் அங்கால இஞ்சால போகல்ல." பிறகு அவர் பெருமையோடு சொன்னார்: "றோட்டு உசத்துறப்பெல்லாம் நானும் உசத்திடுவன்."

ஐயா எழும்பவில்லை. குந்தியிருந்தபடியே, "எப்படி?" என்று கேட்டார்.

ஹாஜியார் விளக்கினார். வெள்ளம் வருகிறது என்று வீதியை உயர்த்துவார்கள். கிறவல் மண் கொட்டி, மேலே தார் போட்டு விட்டுப் போவார்கள். அடுத்த வெள்ளத்தில் அதுவும் தண்ணீருக்குள் போகும். மறுபடி கிறவல் வரும். முதல் தடவை வீதி உயர்ந்தபோது அரசாங்கக் கல் பாதி புதைந்து போயிற்று. அரசாங்கச் சொத்து மண்ணுக்குள் போனால் நாளைக்குத் தன்னிடம்தான் கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். மேசனைப் பிடித்து, கல்லைக் கிளப்பி, அடியில் கொங்கிரீட் போட்டு, வீதியின் மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறை மாபிளும் பதித்தார்.

"றோட்டு எவ்வளவு உசந்திச்சோ அவ்வளவுதான் உசத்தின. ஒரு நூல் கூட்டவுமில்ல, குறைக்கவுமில்ல. உங்கட ஆக்கள் வந்து பாத்தா அண்டைக்கிப் போலயே இருக்கணும் எண்டுதான்."

ஐயா தொப்பியைக் கழற்றினார். அதற்குள் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியது. அவர் அழுகிறாரோ என்று நான் பயந்துவிட்டேன். அவ்வளவு காலம் அவரோடு வேலை செய்து, அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

பிறகு அவரே ஹாஜியாருக்கு எடுத்துச் சொன்னார். கல் உயர்ந்தது கந்தோருக்குத் தெரியாது. பழைய உயரத்தை வைத்துத்தான் அந்தக் குழு கணக்குப் பார்த்தது. கல் எவ்வளவு மேலே போயிற்றோ, அவ்வளவுக்கு ஊர் கணக்கில் கீழே போயிற்று. அதனால்தான் உங்கள் காணி கடலுக்குள் விழுந்தது.

ஹாஜியார் கல்லில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப நான்தானா எங்கட புள்ளைய கடலுக்குள்ள தள்ளின?" என்றார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பர்வீன், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். நிற்க முடியாமல் படியில் இருந்துவிட்டாள். "வாப்பா, நீங்க மாபிளும் பதிச்சுத்தானே தள்ளின" என்றாள்.

ஹாஜியார் உள்ளே போய் மண்வெட்டியோடு வந்தார். இப்போதே தோண்டிப் பழையபடி தாழ்த்திவிடுவதாகச் சொன்னார்.

"தொடாதீங்க!" என்று ஐயா கத்தினார்.

தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் கத்தியதையும் நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அவருக்கே வெட்கமாகிவிட்டது. கையைக் கூப்பி, "தயவு செஞ்சு, இனி அத ஒண்டும் செய்யாதீங்க. றோட்டு உசந்தாலும், ஊர் தாழ்ந்தாலும், நீங்க கைவைக்கப்படாது" என்றார். ஹாஜியார் மண்வெட்டியைக் கீழே போட்டு, அல்லாஹ்வின்மேல் ஆணையாக இனித் தொடமாட்டேன் என்றார்.

கல்லைத் தாழ்த்தாமல் பதிவிலுள்ள உயரத்தை மாற்றுவதுதான் முறை. அதற்காக மறுபடியும் கல்லடியிலிருந்து போகவும் வரவும் நடந்தோம். இந்தத் தடவை ஹாஜியார் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். கருவிக்குக் குடை பிடிக்கும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். வழியெல்லாம் சலாம் சொன்னவர்களுக்கு, "ஊரக் கடலுக்குள்ளயிருந்து எடுக்கிறம்" என்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

கணக்கு பொருந்தியது. ஆனால் வரைபடத்தை மாற்ற முடியாது என்றார்கள். அடுத்த பதிப்பில்தான் பார்க்கலாமாம். அனுமதி கொடுக்கும் கந்தோரில் இருந்தவரோ, நிலம் கடலுக்கு வெளியே இருக்கிறது என்று பொறுப்பான ஓர் அதிகாரி எழுதித் தந்தால் போதும் என்றார். ஐயா அவர் முன்னாலேயே ஒரு தாளை வாங்கி, "மேற்படி காணி தரையில் உள்ளது" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டார்.

அத்தோடு விட்டிருந்தால் அவர் ஞானமுத்து ஐயா இல்லை. சரியான மட்டங்களை வைத்துக்கொண்டு ஹாஜியாரின் வளவுக்குப் போனார். "ஹாஜியார், நீங்க கடலுக்குள்ள இல்ல. ஆனா றோட்டுக்குக் கீழ இருக்கிறீங்க" என்றார். உண்மை அதுதான். மூன்று தடவை உயர்த்திய வீதி அணைக்கட்டுப் போல நின்றது. வசதியுள்ளவர்கள் தங்கள் வளவையும் கிறவல் போட்டு உயர்த்திக்கொண்டார்கள். அவர்களுடைய தண்ணீர் பக்கத்து வளவுக்குப் போனது. பக்கத்தவரும் கடன்பட்டு உயர்த்தினார். இப்படியே கடைசியில் உயர்த்த வழியில்லாதவர்களின் வீடுகளில்தான் மழை முழுவதும் வந்து இறங்கியது. கடல் மணலைக் குவித்து நிலத்தை உண்டாக்கப் பல காலம் எடுத்திருக்கும். நாங்கள் டிரக்டரில் அதைச் சில வருடத்தில் மாற்றிவிட்டோம்.

புது வீட்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று பழைய வீட்டுச் சுவரில் ஒரு கோடு கீறிக் காட்டினார். ஹாஜியார் அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

கலியாணம் மாரி தொடங்கும்போது வந்தது. நானும் ஐயாவும் போயிருந்தோம். முதல் நாளிலிருந்தே விடாத மழை. மாப்பிள்ளையை டிரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கோட்டுப் போட்டு, கையில் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். வீதியில் முழங்காலளவு தண்ணீர், வளவுகளுக்குள் இடுப்பளவு. பர்வீனின் வீட்டுக்குள் மட்டும் வரவில்லை. வாசலின் மேல்படியில் வந்து தட்டிக்கொண்டு நின்றது. கச்சேரிக் கூட்டத்தில் வரைபடத்துக்காக வாதாடியவரையும் அழைத்திருந்தார்கள். அவர் தண்ணீருக்குப் பயந்து காலைக் கதிரைக் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டு புரியாணி சாப்பிட்டபடி, வெளியே பார்த்து, "நாங்க கடும் நீலம் அடிச்சது அவ்வளவு பிழையுமில்ல" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்துச் சனம் வரத் தொடங்கியது. விருந்துக்கு அல்ல. அவர்களுடைய வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பிள்ளைகள், கிழவர்கள், அரிசி மூட்டை, ஆடுகள். பர்வீன் மணப்பெண் கதிரையிலிருந்து எழும்பி, ஒரு நோயாளிக் கிழவியை அதில் இருத்தினாள். அறைகள் நிறைந்தன. அலங்கரித்த கட்டிலில் ஒரு குடும்பமே ஏறி இருந்தது. மாப்பிள்ளைக்கு நிற்க இடமில்லாமல் போய், வந்த டிரக்டரிலேயே அவரைத் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் கையசைத்துக்கொண்டு போனார். பாவம், அவருடைய லீவில் ஒரு கிழமை அப்படியே போயிற்று.

பர்வீன் என்னிடம் தேநீர் கொண்டுவந்து தந்தாள். மருதாணிக் கையெல்லாம் சேறு. "எங்கட வீட்டுக்குள்ள வராத தண்ணிதானே மிஸ் இவங்கட வீட்டுக்குள்ள போயிருக்கி?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

தண்ணீர் வற்றியதும் வழக்கம்போல கிறவல் லொறிகள் வந்தன. வீதியை நாலாம் தடவையாக உயர்த்தப் போகிறார்கள். பர்வீன் மணப்பெண் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நடுவீதியில் போட்டு, லொறிக்கு முன்னால் இருந்தாள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கதிரையோடு வந்தார்கள். ஒப்பந்தக்காரர் பொலிஸைக் கூப்பிட்டார். பொலிஸ்காரர் எங்கள் கந்தோரைக் கூப்பிட்டார். ஐயா அந்த மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். நான்தான் மட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். நடுவீதியில், அந்தக் கதிரைகளுக்கு நடுவில், எந்த மட்டத்துக்கு வீதி தாழ்ந்தால் தண்ணீர் வாவிக்குப் போகும் என்று ஒப்பந்தக்காரருக்கும் பொலிஸ்காரருக்கும் காட்டினேன். பிறகு மேலிடத்துக்கு எழுதினேன், திரும்பவும் எழுதினேன், நேரிலும் போனேன். கொட்டிய கிறவலையும் பழைய தாரையும் கிளறி எடுத்து, வீதியைப் பழைய மட்டத்துக்கு இறக்க உத்தரவு வந்தது. என் சேவைக்காலம் முழுவதிலும் ஒரு வீதி தாழ்ந்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

வேலை முடிந்த மறுநாள் காலையில் ஹாஜியார் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் ஒரு பதற்றம்.

"மகள், றோட்டு கீழ போயிட்டு. கல்லு அந்தரத்தில நிக்கிது. அடிக் கொங்கிரீட்டெல்லாம் தெரியிது. பள்ளிக்குத் தொழப் போற ஆக்கள் அதப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"நிக்கட்டும் ஹாஜியார்."

"ஓம், நிக்கட்டும். நான் கைவைக்கல்ல." பிறகு மெதுவாகச் சொன்னார்: "மண்வெட்டியையும் பர்வீன்ட ஊட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டன். துறப்பு அவள்ட கையில."